பணயக்கல்லுக்கு வந்த பல்லக்கு

செவ்வல்குறிச்சிக்குப் பல்லக்கு வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ரேஷன் கடையில் பாமாயில் போட்டார்கள் என்பதால் ஊரில் பாதிப்பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், மீதிப்பேர் வரிசையில் இடையில் புகுந்தவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே அதை முதலில் பார்த்தது ஆடுகள்தான். மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, வாயிலிருந்த புல்லை மெல்லாமல் வைத்துக்கொண்டு ஒரே திசையில் பார்த்தன. அப்புறம், சரி, பல்லக்குதானே என்பதுபோல் மறுபடி குனிந்து மேயத் தொடங்கின. ஊரும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தது.

அது நின்ற இடம் பணயக்கல்லுக்கு நேர் எதிரே. பணயக்கல் என்பது செம்மண் மேட்டின் உச்சியில், இரும்பு வேலிக்குள், நீலப் பலகைக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு கறுத்த கல். ஒரு கைக்குழந்தையைக் கிடத்தலாம், அதற்கு மேல் ஒன்றுக்கும் காணாது. இருநூற்று இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பாளையத்தின் மேல் சந்தேகம் கொண்ட ஒரு வெள்ளைக்காரத் துரை, மேட்டுக்குக் கீழே குதிரையை நிறுத்தி, சமாதானம் வேண்டுமானால் உங்கள் வாரிசுக் குழந்தையைப் பணயமாகக் கொடுங்கள், எங்கள் கோட்டையில் வளரட்டும் என்று சொல்லி, ஏற்றிப்போக ஒரு பல்லக்கையும் மேலே அனுப்பினானாம். பாளையக்காரரின் மனைவி சின்னநாச்சி குழந்தையைக் கொண்டுவந்து அந்தக் கல்லில் கிடத்தினாளாம். துரையின் ஆள் மூன்று முறை தருவாயா என்று கேட்டானாம், அவள் மூன்று முறையும் தரமாட்டேன் என்று சொன்னாளாம். பல்லக்கு வெறுமனே திரும்பியது, மறுநாள் விடியும்போது பீரங்கி வந்தது, போர் தொடங்கியது. நாற்பத்தொரு நாள் நடந்த அந்தப் போரில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் செத்தார்கள் என்பதும், அவர்கள் பேரெல்லாம் தெரியும் என்பதும், ஊரில் அடித்துப் பேசுகிறவன் ஒவ்வொருவனும் அவர்களில் ஒருவரின் பேரனுக்குப் பேரன் என்பதும் ஊரின் பெருமை.

இப்போது வந்து நின்ற பல்லக்கைத் தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. மூங்கில் தண்டு வளைந்து, சாயம் போன சிவப்புத் திரை காற்றில் ஆட, தரையிலிருந்து தோளுயரத்தில் அது நின்றது. ஆனால் கிட்டே போய் நின்றால் நாலு பேர் மூச்சு விடுவது கேட்டது. கால்மணிக்கு ஒரு தடவை 'ஹும்' என்று ஒரு சத்தம் வரும், பல்லக்கு லேசாக ஆடி இந்தப் பக்கத் தோளிலிருந்து அந்தப் பக்கத் தோளுக்கு மாறும். செம்மண்ணில் நாலு ஜோடிக் காலடி. வெயில் ஏற ஏற நாலு இடத்தில் வியர்வை சொட்டுச் சொட்டாக விழுந்து மண்ணில் சின்னச் சின்னக் குழி பறித்தது.

"தண்ணி கொடுங்கட்டி அவங்களுக்கு" என்று முதலில் சொன்னவள் மேட்டடியில் டீக்கடை வைத்திருக்கும் மாடத்தி. "துரை அனுப்புனா என்ன, எவன் அனுப்புனா என்ன. தூக்குறவன் கூலிக்காரன்தான." நாலு காலடிக்கும் பக்கத்தில் நாலு செம்பு வைத்தார்கள். அவை தானாக உயர்ந்து, சரிந்து, காலியாகித் தரைக்கு வந்தன. மறுநாள் கூழ் வைத்தார்கள். அதற்கு மறுநாள் ஒரு செம்பில் மட்டும் மோர் மிஞ்சியிருந்ததைப் பார்த்து, அவருக்குச் சளி பிடித்திருக்கும் என்று சுக்கு வெந்நீர் கொடுத்தார்கள். வேலிக்குக் காவல் இருக்கும் சங்கரபாண்டி தன் வருகைப் பதிவேட்டில் தினமும் காலையில் எழுதினார்: 'பல்லக்கு – ஒன்று. ஆள் – இல்லை. மூச்சு – நான்கு.' பத்தாம் நாள் ஜீப்பில் வந்த ஒரு பெண் அதிகாரி, அளவு நாடா பிடித்து, போட்டோ எடுத்து, இது அசையும் பொருளா அசையாப் பொருளா என்று வெகுநேரம் யோசித்து, தரையில் படாததால் நினைவிடத்தின் எல்லைக்குள் இருப்பதாகவே கொள்ள முடியாது என்று குறிப்பு எழுதி, மாடத்தி கடையில் இரண்டு வடை சாப்பிட்டுவிட்டுப் போனார். வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். போட்டோவில் பல்லக்கு விழுந்தது, மூச்சு விழவில்லை. அதனால் அவர்களுக்குச் சீக்கிரமே சலித்துப்போயிற்று. ஒரு மாதத்தில் அது பஸ் நிறுத்தம் போல, செல்போன் கோபுரம் போல, ஊரில் இருக்கிற ஒன்றாகிவிட்டது. பல்லக்குக்கு இந்தாண்டை, பல்லக்குக்கு அந்தாண்டை என்று வழி சொன்னார்கள்.

சுகிர்தாவுக்கு மட்டும் அது அப்படி ஆகவில்லை. ஏனென்றால் பல்லக்கு வந்த செவ்வாய்க்கிழமைதான் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து ஏழு நாள் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் இந்த ஊருக்குள் வந்தாள். பெண்பிள்ளை. நறுமுகை என்று பெயர் வைத்து, பாப்பா என்று கூப்பிட்டார்கள். தூத்துக்குடியில் கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள் சுகிர்தா. யாராவது கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. நெற்றியில் விபூதி பூசிக்கொண்டே, பயம் வந்தால் வாய் தானாக 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கிவிடும். பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்குப் பயம் வராத நேரமே இல்லை. தொட்டிலில் பிள்ளை மூச்சு விடுகிறதா என்று விரலை மூக்கருகே வைத்துப் பார்ப்பாள், விடுகிறது என்று தெரிந்ததும் இன்னொரு தடவை வைத்துப் பார்ப்பாள்.

அவள்தான் கவனித்தாள், பல்லக்கின் வாசல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை. பிள்ளையை முற்றத்தில் குளிப்பாட்டினால் வாசல் முற்றத்தைப் பார்த்தது. தடுப்பூசி போட ஊர்க் கோடியிலிருந்த துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனால், மேட்டின் மேல் பல்லக்கு மெதுவாக, கதிரவனைத் தொடரும் பூவைப் போல, அந்தப் பக்கம் திரும்பியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் இரண்டாவது மாதத்தில் ஊருக்கே தெரிந்திருந்தது.

ஆவணி பதினேழாம் தேதி ஊரில் விழா. வருஷா வருஷம் அன்றைக்கு ஊரில் புதிதாகப் பிறந்த ஒரு பிள்ளையைப் பணயக்கல்லில் கிடத்துவார்கள். தொப்பியும் செம்பட்டை முடியும் வைத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் ரத்தினவேல் துரையின் ஆளாக வந்து, தருவாயா என்று மூன்று முறை கேட்பார். பிள்ளையின் தாய் மூன்று முறையும் தரமாட்டேன் என்று சொல்லவேண்டும். மூன்றாவது பதிலுக்கு மைதீன் பாவா அதிர்வேட்டுப் போடுவார், பிள்ளை வீரிட்டு அழும், எல்லாரும் கைதட்டுவார்கள். இந்த வருஷம் ஊரில் பிறந்தது ஒரே ஒரு பிள்ளை.

விழாக் கமிட்டி நாலு பேராக வீட்டுக்கு வந்தது. சுகிர்தா எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா, உக்காரு" என்றார் ரத்தினவேல். "பொம்பளப் பிள்ளையாச்சேன்னு ரெண்டு பேரு பேசினாங்க. நான்தான் சொன்னேன், பணயத்துக்கு ஆண் என்ன பெண் என்ன, காலம் மாறிப்போச்சுல்லா. வேணும்னா ஒரு தலப்பா கட்டிருவோம்."

"சார், அந்தப் பல்லக்கு..."

"அதான் விசேஷமே! இருவத்தாறு வருஷமா தென்காசி நாடகக் கம்பெனில பல்லக்க வாடகைக்கு எடுத்தோம். இந்த வருஷம் அசலே வந்து நிக்கி. கலெக்டரைக் கூப்பிடலாமான்னு பாக்கோம்."

"சார், நிஜமாவே கேக்க வந்திருந்தா?"

கமிட்டியில் மூத்தவர் ஒருவர், "மாட்டேன்னு சொல்லிரு தாயி. நம்ம ஊருல எவளும் அத மாத்திச் சொன்னதில்ல" என்றார்.

அவள் கணவன் இசக்கித்துரை காற்றாலையில் வேலை பார்த்தான். எண்பது மீட்டர் உயரத்தில் ஏறி நிற்கிறவனுக்கு வீட்டுக்குள் பேச மட்டும் தயக்கம். அவனும் அதையேதான் சொன்னான். "மாட்டேன்னு சொல்லிரு சுகி. அவ்வளவுதான?"

"சொன்னா மறுநாள் காலைல என்ன வரும்?"

அவன் பிள்ளையின் உள்ளங்காலை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"சரின்னு சொன்னா பாப்பா போயிரும். மாட்டேன்னு சொன்னா அது வரும். நான் என்னத்தச் சொல்ல?"

"இந்தக் காலத்துல எங்கருந்து பீரங்கி வரும்?"

"இந்தக் காலத்துல எங்கருந்து பல்லக்கு வந்துச்சு?"

நீலப் பலகையை ஊரில் எல்லாரும் மேல்பாதி மட்டும்தான் படித்திருந்தார்கள். கீழ்ப்பாதியை எருக்கஞ்செடி மறைத்திருந்தது. பிள்ளை வயிற்றில் இருந்தபோது, நடக்கச் சொன்ன டாக்டர் பேச்சைக் கேட்டு மாலையில் மேட்டுக்கு நடந்து போன சுகிர்தா, பொழுது போகாமல் எருக்கஞ்செடியை விலக்கி அதையும் படித்திருந்தாள். பாளையக்காரரின் கோட்டை விழுந்தபின் சின்னநாச்சி குழந்தையோடு காட்டுக்குள் ஒளிந்திருந்தாள் என்றும், ஒன்பதாம் நாள் குழந்தை காய்ச்சலில் இறந்தது என்றும் அங்கே போட்டிருந்தது. குழந்தையின் பெயர் போடவில்லை. விழாவில் யாரும் அந்த ஒன்பதாம் நாளை நடித்ததில்லை, அதற்கு முன்பே வேட்டு வெடித்துவிடும். கொடுக்காமல் காப்பாற்றிய பிள்ளையும் தங்கவில்லை என்பது நெஞ்சுக்குள் ஒரு முள்ளாக அன்றே ஏறியது. இப்போது அது நடக்கும்போதெல்லாம் குத்தியது.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் கிளம்பினாள். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை ஒன்பது மணி தூத்துக்குடி பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்டக்டர் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "ஏ யக்கா, பின்னால வர்றது உங்க ஆளுங்களா? அதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணுமா, எப்படி?" என்றார். திரும்பிப் பார்த்தாள். பல்லக்கு ஓடி வந்துகொண்டிருந்தது. சிவப்புத் திரை பறக்க, தண்டு துள்ள, தார் ரோட்டில் நாலு வரிசையாக வியர்வைச் சொட்டு விழுந்து விழுந்து காய, பஸ் வேகம் எடுத்தால் அதுவும் எடுத்தது, பஸ் நிறுத்தத்தில் நின்றால் அதுவும் பத்தடி தள்ளி நின்றது. நிற்கும்போதெல்லாம் அந்த மூச்சு கேட்டது. ஈளைக்காரன் இழுப்பது போல, அறுந்துவிடும் போல, நாலு மூச்சு. பஸ்ஸில் ஒருவர் எழுந்து, "ஏம்மா, அந்த மனுசங்க செத்துருவாங்கம்மா" என்றார். மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு மூச்சு கிட்டத்தட்ட நின்றே போய், பின் திரும்பி வந்தது.

சுகிர்தா இறங்கிவிட்டாள். எதிர்ப்பக்கம் போய் நின்று ஊருக்கு வருகிற பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி, டிரைவரிடம், "அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவாப் போங்க, பின்னால நடந்து வாராங்க" என்று மட்டும் சொன்னாள்.

மேட்டடியில் இறங்கியதும் மாடத்தி கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாடத்தி இசக்கித்துரைக்கு மூத்த அக்காள். ஒன்றும் கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு, ஒரு டீயை அவள் கையில் கொடுத்தாள்.

"மதினி, நீங்களும் ஒரு வருஷம் கல்லுல நின்னீங்களாமே."

"நின்னேன். எங்க முருகேசன் அப்ப எட்டு மாசம். மூணு தடவையும் மாட்டேன் மாட்டேன் மாட்டேன்னு மைக்கே இல்லாமச் சொன்னேன், பஜார் வரைக்கும் கேட்டுச்சுன்னாங்க." மாடத்தி பிள்ளையின் முகத்தில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். "பத்தொம்பது வயசுல அவனே பெட்டியத் தூக்கிட்டு ஷார்ஜாவுக்குப் போயிட்டான். தருவியான்னு எங்கிட்ட ஒரு பய கேக்கல. ஏர்போர்ட்ல கண்ணாடிக்கு இங்கிட்டு நின்னு கையக் காட்டினேன்."

"அப்போ சரின்னு சொல்லச் சொல்லுதீங்களா?"

"எடு செருப்ப! பச்ச மண்ண எவன் கையிலயாவது குடுப்பாளா ஒருத்தி?" என்றாள் மாடத்தி. அப்புறம் மேட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆனா மாட்டேன்னு சொன்னவளுக்கு நாம வருஷா வருஷம் விழா எடுக்கோம், மத்த முன்னூத்திச் சொச்சம் பேரோட ஆத்தாமாருட்ட அன்னைக்கு யாராவது ஒரு வார்த்த கேட்டிருப்பாங்கன்னு நெனைக்கியா? எனக்குத் தெரியல ஏட்டி. எனக்கு டீ போடத்தான் தெரியும்" என்றாள். நாலு செம்பிலும் தண்ணீர் நிறைத்து, அன்றைக்குக் கொஞ்சம் உப்பும் போட்டு, மேட்டுக்குக் கொண்டுபோனாள்.

அதற்குப்பின் சுகிர்தா ஓடவில்லை. ஓடினால் அவர்களும் ஓடவேண்டும் என்பது தெரிந்துவிட்டது. அவள் ஓடாததைப் பார்த்து ஊர் பயப்படத் தொடங்கியது. சரி என்று சொல்லிவிடுவாளோ என்று சிலர், மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று சிலர். ஆவணி பத்து தாண்டியதும் இரண்டு குடும்பம் சொந்தக்காரர் வீட்டுக்கு என்று கிளம்பிப்போனது; பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பதினெட்டாம் தேதிக்கு உள்ளூர் விடுமுறை விட்டார், காரணம் எழுதும் இடத்தில் மழை என்று எழுதினார். இத்தனை வருஷம் பெருமையாகச் சொல்லிவந்த வார்த்தை நிஜமாகவே வேலை செய்யக்கூடிய வார்த்தை என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. ஆனால் விழாவை நிறுத்தலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாசலில் ஆளை நிற்கவைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் இருப்பது அந்த ஊரில் வழக்கமில்லை.

பதினேழாம் தேதி பிற்பகல் நாலு மணிக்கு மேடு நிறைந்துவிட்டது. கலெக்டர் வரவில்லை. இசக்கித்துரை லீவு போட்டுவிட்டு வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுகிர்தா பிள்ளையைத் தலைப்பாகை இல்லாமல், ஒரு பருத்திச் சட்டையோடு கொண்டுவந்து கல்லில் ஒரு போர்வையை விரித்துக் கிடத்தினாள். ஐந்து மாதப் பிள்ளை குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, எதிரே ஆடிய சிவப்புத் திரையைப் பார்த்துச் சிரித்தது. பல்லக்கு ஒரு அடி முன்னால் வந்தது. கூட்டம் ஒரு அடி பின்னால் போனது.

செம்பட்டை முடி காற்றில் பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ரத்தினவேல் கேட்டார்: "தருவாயா?"

சுகிர்தாவின் கால்கள் கான்வென்ட் வழக்கப்படி தானாக நேராக நின்றன.

"தருவாயா?"

அவள் ரத்தினவேலைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், துரை குதிரையோடு நின்றதாகச் சொல்லும் மேட்டடியைப் பார்த்தாள். அங்கே மாடத்தியின் டீக்கடையும், ஒரு ஷேர் ஆட்டோவும், படுத்திருந்த ஒரு நாயும்தான் இருந்தன.

"தரு... தருவியாம்மா?" மூன்றாவது தடவை வசனம்கூட அவருக்குத் தடுமாறிவிட்டது.

"யாருக்கு சார்?" என்றாள் சுகிர்தா.

"என்னது?"

"யாருக்குத் தரணும்? கேக்கறது யாரு? நீங்களா?"

"ஐயோ, நான் இல்லம்மா, நான் சும்மா" என்று ரத்தினவேல் பதறித் தொப்பியைக் கழற்றினார். முடியும் அதோடு வந்துவிட்டது.

"அப்போ வேற யாரு?"

எல்லாரும் மேட்டடியைப் பார்த்தார்கள். கேட்டவன் போய் எவ்வளவு காலமாயிற்று. அவன் குதிரை செத்து, அவன் செத்து, அவனை அனுப்பியவர்கள் கப்பல் ஏறிப்போய், பாளையத்துக் கோட்டையும் இடிந்து, அதன் கல்லெல்லாம் ஊரில் ஆளுக்கொரு மாட்டுக்கொட்டகைக்கு அடித்தளமாகி, எத்தனை ஆவணி போய்விட்டது. தூக்கச் சொன்னவன் போய்விட்டான் என்று மட்டும், தூக்கிக்கொண்டு நின்றவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக இந்த மேட்டில் ஒவ்வொரு தாயும் துரையைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள், துரை வேஷத்தைப் பார்த்துத்தான் கூட்டம் கத்தியது. தோளில் சுமையோடு நிற்கிறவன் முகத்தை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. வாடகைப் பல்லக்குக்கு அங்கே முகமும் இருந்ததில்லை.

"சார், வேட்டு போடவா வேண்டாமா?" என்று மைதீன் பாவா கனல் கம்பியை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"நில்லும்வே!" என்று நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள்.

சுகிர்தா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பல்லக்கின் கிட்டே போனாள். இசக்கித்துரை கம்பியைத் தாண்டிக் குதித்து ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றான், தடுக்கவில்லை. மூச்சு அவள் முகத்தில் பட்டது. புகையிலை வாடையும், கூழ் வாடையும், வியர்வை வாடையும். அவள் அந்த மூச்சு வருகிற உயரத்தைப் பார்த்து, கண் இருக்கும் என்று தோன்றிய இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இறக்குங்க."

நாலு மூச்சும் நின்றன.

பிறகு, பல வருஷம் திறக்காத கதவைத் திறக்கிற மாதிரி, கரகரவென்று ஒரு குரல் வந்தது. "எங்கம்மா இறக்க?"

"நிக்கிற இடத்துலயே. கேட்டவங்க போயிட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"போயிட்டாகளா?" என்றது இன்னொரு குரல், பின்பக்கத்திலிருந்து.

"போயிட்டாங்க அண்ணாச்சி."

'ஹும்' என்று ஒரு சத்தம். பல்லக்கு முன்பக்கம் முதலில் தாழ்ந்து, அப்புறம் பின்பக்கம் தாழ்ந்து, ஒவ்வொரு காலாகச் செம்மண்ணில் ஊன்றியது. தண்டு தோளிலிருந்து விடுபட்டபோது கேட்ட சத்தத்தை அங்கிருந்தவர்கள் பிற்பாடு ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். அழுகை என்றார்கள் சிலர். இல்லை, வெறும் நெட்டி முறித்ததுதான் என்றார் சங்கரபாண்டி. நாலு பேர் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து எழுந்த தடம் தெரிந்தது. பின்பு நாலு ஜோடிக் காலடியும் மேட்டை விட்டு இறங்கின. இரண்டு தெற்கே போயின, ஒன்று குளத்தங்கரை வழியாக, ஒன்று மாடத்தி கடைப்பக்கம் கொஞ்சம் நின்று, கும்பிட்ட மாதிரிக் குதிகால் சேர்ந்து, பின் வடக்கே.

மறுநாள் விடியலுக்கு ஊர் முழுக்க மேட்டில்தான் இருந்தது. யாரும் கூப்பிட்டு வரவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. கிழக்கே வெளுக்கத் தொடங்கியதும் தாய்மார் பிள்ளைகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்கள். ரோட்டுக் கோடியில் தூசி கிளம்பியது. தூசிக்குள்ளிருந்து ஒரு வண்டி வந்தது. அது பால் வண்டி. டிரைவர் இறங்கி, ஒரு ஊரே கண்கொட்டாமல் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, அஞ்சு நிமிசந்தான லேட்டு" என்றார்.

ரத்தினவேல் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அது மற்றவர்களுக்கும் தொற்றியது. அந்தச் சத்தத்தில் நறுமுகை விழித்துக்கொண்டு, ராத்திரி முழுக்கத் தாயின் மடியில் இருந்தும் பயத்தில் இருந்த தாய் பால் கொடுக்க மறந்த கோபத்தோடு, வீரிட்டு அழுதது. சுகிர்தாவுக்கு அப்போதுதான் மாரில் பால் கட்டிக்கொண்டு வலிப்பது தெரிந்தது. சுற்றிப் பார்த்தாள். மேடு முழுக்க ஆம்பளைகள். மறைவு என்று சொல்ல ஒரு மரம்கூட இல்லை.

அவள் பல்லக்கிடம் போனாள். திரையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு கோரைப்பாயும், ஒரு திண்டும் இருந்தன, யாரும் ஒருநாளும் உட்காராத புதுசு. ஒரு காலை உள்ளே வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அது அசையவில்லை. அடுத்த காலையும் வைத்து, உள்ளே உட்கார்ந்து, திண்டில் முதுகைச் சாய்த்து, திரையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ஏட்டி, சரியா இருக்கா உள்ள?" என்றாள் மாடத்தி, வெளியே கையை அகட்டிக் காவல் நின்றுகொண்டு.

"இருக்கு மதினி" என்றாள் சுகிர்தா. பிள்ளை குடிக்கத் தொடங்கியிருந்தது.